கடற்புல்லும் கடலுரிமையும்: கோம்காக் மக்களின் நீரிணை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

கடலடி மணலில் வேரூன்றி, நீருக்குள்ளேயே பூத்துக் காய்த்து விதையிடும் தாவரத்தைக் கடற்புல் என வழங்குவர். கடற்பாசிக்கு உண்மையான வேரும் பூவும் விதையும் இல்லை. கடற்புல்லுக்கு இம்மூன்றும் உண்டு. உலகக் கடல்களில் ஏறத்தாழ எழுபது கடற்புல் இனங்கள் அறியப்பட்டுள்ளன. மீன்குஞ்சுகளுக்கும் இறாலுக்கும் புகலிடமாகவும், ஆமைக்கும் கடற்பசுவுக்கும் மேய்ச்சல் நிலமாகவும், கரியைச் சேற்றில் புதைத்து வைக்கும் களஞ்சியமாகவும் இவை விளங்குகின்றன.

அண்மைக் காலங்களில், முனைவர் பட்டம் பெற்ற இளம் அறிவியலாளரைப் பழங்குடி மக்களோடு இணைந்து கடற்புல் சூழலியலை ஆராயுமாறு அமர்த்தும் வழக்கம் பல பல்கலைக்கழகங்களில் காணப்படுகிறது. இத்தகைய ஆய்வுத் திட்டங்கள் பெரும்பாலும் மரபறிவு என்னும் சொல்லை நடுவணாகக் கொண்டுள்ளன. பழங்குடியினர் தம் கடலைப் பற்றி அறிந்திருப்பவற்றைத் திரட்டி அறிவியலோடு இணைத்தால் கடற்புல் காக்கப்படும் என்பது அவற்றின் அடிப்படைக் கருத்தாகும். அறிவைத் திரட்டுவது மட்டும் கடலைக் காக்குமா என்பது ஆராய்தற்குரிய வினா. மெக்சிக்கோவின் வடமேற்குக் கரையில் வாழும் கோம்காக் மக்களின் வரலாற்றை இவ்வினாவுக்குரிய சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கடற்புல் ஆய்வின் தொடக்கம்

கடற்புல்லின் பயனை மேலைநாட்டு அறிவியல் உணர்ந்தது ஓர் இழப்பின் வாயிலாகவே எனலாம். 1930-களின் தொடக்கத்தில் வட அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் சோஸ்டெரா மரினா என்னும் கடற்புல்லை ஒரு நோய் தாக்கியது. அக்கரைகளில் இருந்த புல்லின் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் அழிந்தது. புல்லை உண்டு வாழ்ந்த வாத்தினங்கள் குறைந்தன. அதில் தங்கிய சிப்பிகளும் மறைந்தன. அதன் பின்னர் கடற்புல் வெளிகளின் சூழலியல் மேலும் கூர்ந்து ஆராயப்படலாயிற்று. உலகக் கடற்புற்கள் அனைத்தையும் வகைப்படுத்தி டச்சு அறிஞர் டென் ஹார்டோக் எழுதிய பெருநூல் 1970 இல் வெளிவந்தது.

அந்நூல் வெளிவந்த மூன்றாண்டுகளுக்குள், இதே சோஸ்டெரா மரினாவைப் பற்றி யாரும் எதிர்பாராத ஒரு செய்தி அமெரிக்காவின் சயன்ஸ் இதழில் வெளியாயிற்று. கடலில் விளையும் இப்புல்லின் விதையைத் தானியமாகக் கொண்டு உண்ட மக்கள் உளர் என்பதே அச்செய்தி. அம்மக்களே கோம்காக்கள்.

3. கோம்காக் மக்களும் அவரைப் பற்றிய எழுத்துகளும்

கலிபோர்னியா வளைகுடாவின் கிழக்குக் கரையில், சொனோரா மாநிலத்தின் பாலைநிலக் கடலோரத்தில் கோம்காக்கள் வாழ்கின்றனர். பிறர் இவர்களைச் செரி என அழைப்பர். கோம்காக் என்பது இவர்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயர். மக்கள் என்பது அதன் பொருள். இவர்தம் மொழி வேறெந்த மொழிக்குடும்பத்தோடும் உறவுடையதென நிறுவப்படாத தனிமொழி. எல் தெசம்போக்கே, புந்தா சுவேக்கா என்னும் இரண்டு ஊர்களில் இன்று இவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழ்கின்றனர். எதிரே, மெக்சிக்கோவின் மிகப்பெரிய தீவாகிய திபுரோன் உள்ளது. அத்தீவுக்கும் நிலப்பரப்புக்கும் இடையே ஓடும் ஆழங்குறைந்த நீரிணைக்கு இன்ஃபியெர்னியோ என்று பெயர். சிறு நரகம் என்பது அந்த ஸ்பானியச் சொல்லின் பொருளாகும். அந்நீரிணையின் அடித்தளத்தில் கடற்புல் பரந்து கிடக்கிறது.

கோம்காக்களைப் பற்றி முதலில் விரிவாக எழுதப்பட்ட நூல் அவர்களுக்கு நன்மை செய்யவில்லை. அமெரிக்க இனவியல் அலுவலகத்தைச் சேர்ந்த மக்கீ 1894, 1895 ஆகிய ஆண்டுகளில் அப்பகுதிக்குச் சென்றார். அம்மக்களோடு அவர் பழகியது மிகக் குறுகிய காலமே. எனினும் 1898 ஆம் ஆண்டு என்னும் குறிப்போடு வந்த அவருடைய பெரிய நூல், அவர்களை மனித வளர்ச்சியின் மிகத் தாழ்ந்த படியில் நிறுத்தியது. உழவறியாதவர் என்பது அதற்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. 1930 இல் அங்குச் சென்ற மானிடவியல் அறிஞர் குரோபர், மக்கீயின் முடிவுகள் பலவற்றை மறுத்து அடுத்த ஆண்டே நூல் வெளியிட்டார். ஆயினும் முதலில் பதிந்த கறை எளிதில் நீங்கவில்லை. பல தலைமுறைப் போராலும் நோயாலும் நலிந்து, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சில நூறு பேராகச் சுருங்கியிருந்த மக்களின்மீது அக்கறை படிந்திருந்தது என்பதை ஈண்டு நினைவிற்கொள்ள வேண்டும்.

1951 முதல் எட்வர்ட் மோசர், மேரி பெக் மோசர் என்னும் இணையர் எல் தெசம்போக்கேயில் குடியேறி அம்மொழியைக் கற்றனர். இவர்கள் கிறித்தவ மொழியியல் அமைப்பொன்றின் சார்பில் சென்றவர்கள். இவர்களோடு தாவரவியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபெல்ஜர் பின்னர் இணைந்தார். 1973 ஆம் ஆண்டின் கட்டுரையை எழுதியவர்கள் ஃபெல்ஜரும் எட்வர்ட் மோசரும் ஆவர். மொழியைக் கற்கத் தொடங்கியதற்கும் கட்டுரை வெளிவந்ததற்கும் இடையே இருபதாண்டுகளுக்கு மேல் சென்றிருந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

4. கடலில் விளைந்த தானியம்

குளிர்ந்த வடகடல்களில் சோஸ்டெரா மரினா பெரும்பாலும் பல்லாண்டு வாழும் தாவரம். இன்ஃபியெர்னியோவிலோ அது ஓராண்டுத் தாவரமாக வாழ்கிறது. இலையுதிர்காலத்தின் பிற்பகுதியில் விதை முளைக்கிறது. குளிர்காலத்தில் புல் தழைக்கிறது. இளவேனிலில் விதை முற்றுகிறது. கோடையில் கடல்நீர் சூடேறும்போது புல் முழுவதும் மடிகிறது. அடுத்த ஆண்டின் வளர்ச்சி முற்றிலும் விதையையே நம்பியிருக்கின்றது. எனவே இங்கு விதை மிகுதியாகத் தோன்றுகிறது.

இச்சுழற்சியைக் கோம்காக்கள் தம் காலக்கணிப்பிலேயே பதித்திருந்தனர். விதைக்கு அவர்கள் மொழியில் ஹ்னோய்ஸ் என்று பெயர். ஏப்ரலை ஒட்டிய மாதம் ஹ்னோய்ஸ் அறுவடையின் நிலவு என்னும் பொருள்படப் பெயர் பெற்றிருந்தது. குளிர்காலத்தில் வரும் கருநிற வாத்தினம் ஒன்றின் பெயரும் இவ்விதையின் வரவை முன்னறிவிப்பது என்னும் பொருளுடையது. ஒரு பறவையின் பெயரே அறுவடைக் குறிப்பாக அமைந்திருப்பது அம்மொழியின் நுட்பத்தைக் காட்டுகிறது.

விதை முற்றிய தண்டுகள் அற்று மிதந்து கரையொதுங்கும். அவற்றைத் திரட்டி வெயிலில் உலர்த்தி, தடியால் அடித்து, காற்றில் தூற்றி விதையைப் பிரிப்பர். பின்னர் வறுத்து அரைத்து மாவாக்கிக் கூழாகக் காய்ச்சுவர். கூழோடு ஆமை நெய்யோ தேனோ சேர்ப்பதுண்டு. மாவில் ஏறத்தாழ பாதி மாச்சத்தும், நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு புரதமும் இருப்பதாகவும் கொழுப்பு மிகக் குறைவு என்றும் ஆய்வில் தெரிந்தது. கடலில் விளையும் தானியத்தை மக்கள் அறுவடை செய்து உணவாகக் கொண்டதற்கு அறியப்பட்ட ஒரே சான்று இதுவே என அக்கட்டுரை கூறிற்று.

அக்கட்டுரையின் தலைப்பு தனியே கருதத்தக்கது. கடற்புல்லின் உணவுப் பயனைக் கண்டறிந்தவர் செரி மக்களே என்பதைத் தலைப்பே அறிவித்தது. கண்டுபிடிப்பு என்னும் சொல்லை ஆய்வாளர் தமக்குரியதாக வைத்துக்கொள்ளாமல் உரியவர்க்கு அளித்தமை அக்காலச் சூழலில் போற்றத்தக்க நேர்மையாகும். உழவறியாதவர் என்று மக்கீ இகழ்ந்த மக்கள், உழாமலும் நன்னீர் பாய்ச்சாமலும் ஒரு தானியத்தைப் பெற்று உண்டனர் என்பதும் இதனால் வெளிப்பட்டது.

ஆயினும் கட்டுரை வெளிவந்த காலத்தில் இத்தானியம் அவர்களுடைய முதன்மை உணவாக இருக்கவில்லை. கடையில் வாங்கும் கோதுமை மாவு அதன் இடத்தைப் பிடித்திருந்தது. அறிவு ஏட்டில் ஏறிய வேளையில் பழக்கம் வாழ்விலிருந்து விலகிக்கொண்டிருந்தது எனலாம். ஸ்பெயின் நாட்டின் காடிஸ் பகுதியைச் சேர்ந்த சமையற்கலைஞர் ஆங்கெல் லேயோன் இப்புல்லைப் பயிரிட்டு விதை எடுத்த செய்தி 2021 இல் உலக ஏடுகளில் பரவலாக வந்தது. கடலரிசி என அது புதுமையாகப் பேசப்பட்டது. அவருக்கு வழிகாட்டிய சான்றுகளுள் 1973 ஆம் ஆண்டுக் கட்டுரையும் ஒன்று. ஏட்டிலேறிய அறிவு எழுதியவரையும் உரியவரையும் கடந்து எங்கும் செல்லும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

5. துயிலும் ஆமைகள்

அறிவு ஒன்றாயிருந்தும் விளைவு வேறாகும் என்பதை உணர்த்தும் மற்றொரு செய்தி, 1976 இல் அதே சயன்ஸ் இதழில் ஃபெல்ஜரும் அவருடன் பணியாற்றிய இருவரும் எழுதிய கட்டுரையில் உள்ளது. இவ்வளைகுடாவின் பச்சை ஆமைகளுள் சில குளிர்காலத்தில் கடலடிச் சேற்றில் பாதி புதைந்து அசைவற்றுக் கிடக்கின்றன. இதைக் கோம்காக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். தெளிந்த ஆழங்குறைந்த நீரில் படகிலிருந்தபடி துயிலும் ஆமையை இனங்கண்டு, நீண்ட எறியீட்டியால் பிடித்தனர். காற்று, நீர்த்தெளிவு, ஈட்டியின் நீளம் ஆகியவை அவ்வேட்டைக்கு எல்லை வகுத்தன.

1970-களின் முற்பகுதியில் அவ்வளைகுடாவின் மெக்சிக்க மீனவரும் இதைத் தாமாகவே கண்டறிந்தனர். அவர்கள் படகிலிருந்து குழாய்வழி வரும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு ஆழத்தில் மூழ்கினர். துயிலும் ஆமைகளைக் கையால் எடுத்துச் சந்தைக்கு அனுப்பினர். பல தலைமுறைகளாக நின்ற ஆமைக் கூட்டங்கள் சில ஆண்டுகளுக்குள் பெரிதும் குறைந்தன. 1990 இல் மெக்சிக்கோ அரசு கடலாமை பிடிப்பதை முற்றிலும் தடைசெய்தது.

இருவர் அறிந்ததும் ஒன்றே. ஆமை துயிலும் இடமும் காலமுமே அது. ஒரு கையில் அவ்வறிவு உணவாயிற்று; மற்றொரு கையில் அழிவாயிற்று. கோம்காக்களும் சந்தைக்கு ஆமை பிடித்ததுண்டு. எனவே ஒரு சாராரை அறவோர் என்றும் மறு சாராரைக் கொடியோர் என்றும் பிரிப்பது வரலாற்று நோக்காகாது. யார், எக்கருவியால், எவ்வளவு, யாருடைய இசைவோடு எடுத்தனர் என்பதே வேறுபாட்டின் அடிப்படை. அறிவுக்கு அப்பால் ஆளும் உரிமை என்றொன்று உண்டு என்பது இதனால் பெறப்படுகிறது.

6. நீரிணையின்மீது உரிமை

1963 இல் திபுரோன் தீவு வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 1970 இல் கரையோர நிலத்தின் ஒரு பகுதி கோம்காக்களின் பொதுநிலமாக வழங்கப்பட்டது. 1975 இல் அரசு ஆணையின் வாயிலாகத் தீவு அவர்களுக்குரியதென ஏற்கப்பட்டதோடு, தீவைச் சூழ்ந்த கடலில் மீன்பிடிக்கும் தனியுரிமையும் அளிக்கப்பட்டது. பழங்குடி மக்களுக்கு நிலத்தில் உரிமை அளித்த அரசுகள் பல உண்டு; கடலில் உரிமை அளித்தவை அரியவே.

இவ்வுரிமை எவ்வாறு செயற்பட்டது என்பதை 2000-களில் ஹவியெர் பசுர்த்தோ என்னும் அறிஞர் ஆராய்ந்தார். இன்ஃபியெர்னியோவின் அடியில் கிடைக்கும் ஒருவகைப் பெரிய சிப்பியைப் புந்தா சுவேக்கா மக்கள் மூழ்கி எடுக்கின்றனர். அருகிலுள்ள கீனோ ஊரில் யாவர்க்கும் திறந்த கடலாக இருந்தமையால் அச்சிப்பி பெரிதும் அழிந்தது. நீரிணையிலோ அது நிலைத்தது. வெளியூர்ப் படகுகள் கோம்காக்களின் நிபந்தனைகளுக்கு உட்பட்டே நுழைய முடிந்தது. கோம்காக் ஒருவரை உடனழைத்துச் செல்வது அந்நிபந்தனைகளுள் ஒன்று. தாழ்நீரின்போது வெளிப்படும் மணல்திட்டுகளை முதியோருக்கும் பெண்டிருக்கும் சிறாருக்கும் என விட்டுவைத்தனர்.

இதில் கடற்புல்லின் பங்கும் உண்டு. குளிர்காலத்தில் புல் அடர்ந்து தழைக்கும்போது சிப்பிகள் அதனுள் மறைந்துவிடுகின்றன. மூழ்குவோர் அவ்விடங்களைத் தவிர்க்கின்றனர். ஆகவே ஆண்டின் ஒரு பகுதியில் அப்புல்வெளி தானாகவே சிப்பிகளின் காப்பிடமாகிறது. எவ்வேலியும் இடாமல் இயற்கை அமைத்த இவ்வொழுங்கும், மக்கள் அமைத்த நுழைவுக் கட்டுப்பாடும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. நுழைவுக் கட்டுப்பாடு இல்லையேல், புல் மடியும் கோடையிலேயே அனைத்தும் எடுக்கப்பட்டிருக்கும்.

பொதுவுடைமையாக விடப்பட்ட வளம் அழிந்தே தீரும் என்னும் கருத்தைக் காரெட் ஹார்டின் 1968 இல் சயன்ஸ் இதழில் முன்வைத்தார். வளத்தை நம்பி வாழ்வோரே விதிகளை வகுத்துக் காப்பதும் உண்டு என்பதை எலினோர் ஆஸ்ட்ரம் 1990 இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். கோம்காக்களின் நீரிணையும் கீனோவின் கடலும் அடுத்தடுத்து அமைந்து இவ்விரு கருத்துகளுக்கும் சான்று பகர்கின்றன. 2009 இல் இந்நீரிணை ராம்சார் உடன்படிக்கையின்கீழ் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாகப் பதிவுபெற்றது.

7. இளம் ஆய்வாளரின் காலம்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து இன்றைய ஆய்வுப் பணிகளை நோக்குவோமாயின் இரண்டு செய்திகள் புலப்படும்.

முதலாவது, காலம் பற்றியது. முனைவர் பட்டத்திற்குப் பிந்திய ஆய்வுப்பணி பொதுவாக இரண்டு அல்லது மூன்று ஆண்டு ஒப்பந்தமாக அமைகிறது. அக்காலத்துக்குள் கட்டுரைகள் வெளியிட்டால்தான் அடுத்த பணி கிட்டும். கடற்புல்லின் ஏற்ற இறக்கத்தை அறியவே பல ஆண்டுகள் வேண்டும். ஒரு மக்களின் நம்பிக்கையைப் பெற அதனினும் மிகுதி வேண்டும். சில நாட்களில் மக்கீ எழுதியதற்கும் இருபதாண்டுகள் கழித்து மோசர் எழுதியதற்கும் உள்ள தொலைவை ஓர் ஒப்பந்தத்தால் கடக்க இயலாது. ஆகவே உறவைத் தனிமனிதரிடம் விடாமல், ஆய்வாளர் மாறினும் மாறாத கடமையாக நிறுவனமே ஏற்றல் வேண்டும்.

இரண்டாவது, உரிமை பற்றியது. 1992 இல் உருவான பல்லுயிர்ப் பெருக்க உடன்படிக்கை பழங்குடியினரின் அறிவை மதித்துக் காக்குமாறு அரசுகளைக் கேட்டுக்கொண்டது. 2007 இல் பழங்குடி மக்களின் உரிமைகளைப் பற்றிய ஐக்கிய நாட்டு அவையின் பறைசாற்றல் அவர்கள் மரபாகப் பயன்படுத்திவரும் நிலத்தோடு கரையோரக் கடலையும் குறிப்பிட்டது. 2010 இன் நகோயா நெறிமுறை பயன்பகிர்வை வற்புறுத்தியது. 2019 இல் பழங்குடியினர் தரவுகளின்மீது அவர்களுக்குரிய ஆளுகையை வலியுறுத்தும் கோட்பாடுகள் வெளியிடப்பட்டன. ஆய்வாளர் கேட்கவேண்டிய முதல் வினா, இம்மக்கள் என்ன அறிவர் என்பதைவிட, இக்கடலைப் பற்றி முடிவெடுப்பவர் யாவர் என்பதாக மாறி வருவதை இவ்வரிசை காட்டுகிறது.

8. ஜொகூர் நீரிணை

இவ்வினா நமக்குத் தொலைவிலுள்ளதன்று. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இடைப்பட்ட ஜொகூர் நீரிணையின் மேற்கு முனையில், புலாய் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டி, மெரம்போங் கடற்புல் வெளி அமைந்துள்ளது. தீபகற்ப மலேசியாவின் சிறந்த கடற்புல் வெளிகளுள் அது ஒன்று. கடற்குதிரைகளும் கடற்பசுவும் அங்குக் காணப்பட்டுள்ளன. அந்நீரிணையில் படகையே வீடாகக் கொண்டு வாழ்ந்தவர்கள் ஓராங் செலேத்தார் என்னும் பூர்வகுடியினர். இரு நாட்டு எல்லைகள் வகுக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே அவர்கள் இரு கரைகளையும் தமதாக அறிந்திருந்தனர்.

புலாய்க் கழிமுகத்தின் சதுப்புநிலக் காடு 2003 இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. எனினும் 2014 இல் அருகிலுள்ள கடலில் ஒரு பெருநகருக்காக மண்கொட்டித் தீவுகள் எழுப்பும் பணி கடற்புல் வெளியின்மீதே தொடங்கிற்று. எதிர்ப்பெழுந்து பணி நிறுத்தப்பட்டு, 2015 இன் தொடக்கத்தில் குறைக்கப்பட்ட பரப்போடு இசைவு அளிக்கப்பட்டது. மலேசியாவின் 1954 ஆம் ஆண்டுப் பூர்வகுடி மக்கள் சட்டம் நிலப்பகுதிகளைப் பற்றியே விதிகளை வகுக்கிறது. கடலில் பிறந்து கடலில் வாழ்ந்த மக்களுக்குக் கடலின்மீது கோம்காக்கள் 1975 இல் பெற்றது போன்றதோர் ஆணை கிடைக்கவில்லை. அவர்களிடம் கடலறிவு இல்லை என்று யாரும் கூறார். முடிவெடுக்கும் இடத்தில் அவர்களுக்கு இருக்கை இல்லை என்பதே குறை.

9. முடிவுரை

கோம்காக் மக்களின் வரலாறு மூன்று கட்டங்களாக அமைகிறது. முதற்கட்டத்தில் அவர்கள் அறிவற்றவர் என இகழப்பட்டனர். இரண்டாம் கட்டத்தில் அவர்தம் அறிவு ஏட்டிலேறிப் போற்றப்பட்டது. மூன்றாம் கட்டத்தில் அவர்தம் உரிமை சட்டத்திலேறிச் செயற்பட்டது. நீரிணையின் சிப்பி நிலைத்தமைக்குப் புகழ்ச்சியினும் உரிமையே காரணமாயிற்று என்பதை மேற்கண்ட சான்றுகள் உறுதிப்படுத்துகின்றன. உரிமை மட்டும் போதும் என்பதும் பொருந்தாது. கடல் சூடேறுவதை எந்த ஆணையும் தடுக்காது. வெப்பம் மிகுந்தால் விதை முளைக்கும் பருவமும் புல் மடியும் பருவமும் மாறும். அப்போது அறிவியலாளரின் அளவைக் கருவியும் கோம்காக் மூதாட்டியின் மாதப்பெயரும் ஒருங்கே தேவைப்படும்.

ஆகவே பழங்குடியினரோடு இணைந்து கடற்புல்லை ஆராயச் செல்லும் இளம் அறிவியலாளர் தம் குறிப்பேட்டில் முதலில் எழுதவேண்டியது புல்லின் பெயரன்று. அப்புல்வெளியைத் திறக்கவும் மூடவும் உரிமையுடையவர் யாவர் என்பதே. அவ்வுரிமை மக்களிடம் இருப்பின் ஆய்வு அவர்களுக்குத் துணையாகும். இல்லையெனின், எத்துணை நேர்மையோடு எழுதப்பட்ட கட்டுரையும் பிறர் எடுத்துச்செல்லும் பட்டியலாக முடியக்கூடும்.